இடைவேளை மணி அடித்த பிறகு

தொடக்கநிலை ஒன்றில், அதாவது பள்ளியின் முதல் வகுப்பில், சேரும் முதல் நாள் பிள்ளையின் சட்டையில் ஒரு பெயர் அட்டையைக் குத்திவிடுவார்கள். அதில் எந்தப் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். சில வீடுகளில் அன்றைக்கே ஒரு சிக்கல் தொடங்கிவிடுகிறது.

சிங்கப்பூரில் ஒரே வகுப்பறைக்குள் மூன்று பெயர் மரபுகள் கலந்திருக்கும். சீனப் பிள்ளைக்குக் குடும்பப் பெயர் முன்னால் வரும். மலாய்ப் பிள்ளைக்குத் தன் பெயர் முதலில், ‘பின்’ (மகன்) அல்லது ‘பிந்தே’ (மகள்) வந்து, பிறகு தந்தை பெயர். நமக்கும் தந்தை பெயர்தான் பின்னால், ஆனால் நடுவில் இன்னாரின் மகன், மகள் என்று காட்டும் எழுத்துகள் சிலருக்கு இருக்கும், சிலருக்கு இருக்காது. இந்தியக் கடப்பிதழோடு வந்த குடும்பங்களில் தந்தை பெயர் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் ஏறி, பட்டியலில் முன்னால் வந்து நிற்பதும் உண்டு. ‘கவின்’ என்று வளர்ந்த பையனை ‘முருகேசன்’ என்று கூப்பிட்டால் அவன் திரும்பிப் பார்க்க மாட்டான். அப்பாவைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைப்பான். இரண்டு வாரத்தில் ‘கவனமில்லாத பிள்ளை’ என்ற எண்ணம் ஆசிரியர் மனத்தில் விழுந்துவிடும்.

இதற்கு மூன்று வரிக் குறிப்பு போதும். வீட்டில் கூப்பிடும் பெயர் எது, எப்படி உச்சரிப்பது, பட்டியலில் உள்ள மற்றப் பெயர் யாருடையது. பள்ளி தொடங்குவதற்கு முந்தைய ஆண்டின் இறுதியில் அறிமுக நாள் நடத்துவார்கள். குறிப்பை அங்கேயே வகுப்பாசிரியரிடமோ அலுவலகத்திலோ கொடுத்துவிடலாம். யாழினி, கயல்விழி போன்ற பெயர்களில் ழகரத்துக்கு ஆங்கிலத்தில் இஸட் எழுத்தும் எச் எழுத்தும் சேர்த்து எழுதுகிறோம். தமிழ் தெரியாதவர் அதை ‘யாஸினி’ என்றுதான் வாசிப்பார். ழகரம் வராவிட்டால் லகரமாகச் சொன்னால் போதும் என்று எழுதிக் கொடுங்கள், அல்லது பத்து விநாடி குரல் பதிவு அனுப்புங்கள். ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பட்டியலை வாசிக்காமல் பிள்ளையையே தன் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் இரண்டு முறை திருப்பிச் சொல்லுங்கள், சரிதானா என்று கேளுங்கள். பெயரைச் சுருக்குவது பிள்ளையின் விருப்பமாக இருந்தால் சரி. வாயில் நுழையவில்லை என்பதற்காகப் பெரியவர்கள் சுருக்குவது வேறு விஷயம்.

பெயரைப் பற்றி இவ்வளவு நீட்டிப் பேசக் காரணம் இருக்கிறது. பள்ளியில் ஒரு பிள்ளை ஒட்டிக்கொள்வதும் ஒதுங்கிப்போவதும் பெரும்பாலும் ஆண்டு முழுக்க நாள்தோறும் திரும்பத் திரும்ப நடக்கும் சின்ன ஏற்பாடுகளால்தான் என்பது என் உறுதியான எண்ணம். வருகைப் பதிவு, வரிசை, இருக்கை, சாப்பாடு, தாய்மொழி வகுப்புக்கு நடந்து போகும் ஐந்து நிமிடம். நாம் அதிகம் பேசுவதோ ஜூலை மாத இன நல்லிணக்க நாளில் பிள்ளைகள் உடுத்தும் மரபு உடைகளைப் பற்றி.

அந்த ஐந்து நிமிட நடையை எடுத்துக்கொள்வோம். தொடக்கநிலை ஒன்றிலும் இரண்டிலும் வகுப்புக்கு ஏறத்தாழ 30 பிள்ளைகள், மூன்றிலிருந்து 40 வரை. அந்த முப்பதில் தமிழ் படிப்பவர் இரண்டு மூன்று பேர் இருக்கலாம், ஒருவர் மட்டுமேகூட இருக்கலாம். தாய்மொழிப் பாடவேளை வந்ததும் சீனம் படிப்போரில் பலர் அதே அறையில் இருப்பார்கள். தமிழ், மலாய்ப் பிள்ளைகள் பொருள்களைச் சேர்த்துக்கொண்டு வேறு அறைக்குப் போவார்கள். எழுந்து போகிறவர் யார், இருக்கிறவர் யார் என்பது வாரம் முழுவதும் எல்லார் கண்ணிலும் படுகிறது. இதை மாற்ற முடியாது. ஆனால் அதைச் சுற்றி நடக்கும் தவறுகளைத் தவிர்க்கலாம்.

முதல் தவறு, அவர்கள் இல்லாத நேரத்தில் அறிவிப்பு சொல்வது, வீட்டுப்பாடம் கொடுப்பது, பிறந்தநாள் கேக் வெட்டுவது. எல்லாரும் திரும்பி வந்த பிறகு என்று வகுப்பில் ஒரு விதி இருந்தால் போதும். அடுத்தது, போனவரின் மேசையில் வேறு வகுப்புப் பிள்ளை உட்கார்ந்துவிட்டுப் போவது. பென்சில் காணாமல் போகும், பழி எழும். மேசையில் எதையும் விட்டுவைக்காதபடி ஒரு ஜிப் பை வாங்கிக் கொடுங்கள். தமிழ்ப் பாடநூல், பயிற்சி நூல், பென்சில் பெட்டி, தண்ணீர்ப் புட்டி, நான்கும் அதில் அடங்க வேண்டும். டிசம்பர் விடுமுறையில் வீட்டிலேயே ஒரு நிமிடத்தில் எடுத்து வைத்துப் பழகட்டும். ஆறு வயதுக் கைக்கு முதல் நாள் மூன்று நான்கு நிமிடம் ஆகும். ஒரு வாரத்தில் சரியாகிவிடும். தாமதமாகிற பிள்ளை தாழ்வாரத்தில் தனியாக நடக்கிறது, வழி தவறுகிறது, அழுகிறது. அதனால் முதல் இரண்டு மாதம் இருவர் இருவராக அனுப்புவது நல்லது. வகுப்பில் ஒரே ஒரு தமிழ்ப் பிள்ளை என்றால், பக்கத்து வகுப்புப் பிள்ளை வந்து கதவருகே நின்று கூட்டிப் போகலாம்.

போதிய எண்ணிக்கை இல்லாததால் தமிழ் நடத்தாத பள்ளிகளும் உண்டு. அங்கே படிப்போர் வேறு பள்ளிக்கோ நிலையத்துக்கோ போய்ப் படிக்கிறார்கள். அவர்களுக்கு முதல் தேவை பாடநூல் அல்ல, சாப்பாடு. மதிய உணவு எங்கே, எப்போது, யார் கூட இருப்பார் என்பதை முடிவு செய்யாமல் அனுப்பினால் பசித்த பிள்ளை தமிழையே வெறுக்கத் தொடங்கும்.

தமிழாசிரியரின் இடம் இதில் தனியானது. ஒரு பள்ளியில் தமிழாசிரியர் ஓரிருவரே இருப்பதால், ஒரே ஆசிரியர் ஒரு பிள்ளையைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்க்கிறார். வகுப்பாசிரியர்கள் மாறுவார்கள், இவர் மாற மாட்டார். பிள்ளை திடீரென்று பேச்சைக் குறைத்தால் முதலில் அவருக்குத்தான் தெரியும். அதோடு, தொடக்கப்பள்ளியில் குணநலமும் குடியியலும் சார்ந்த பாடங்கள் தாய்மொழியிலேயே நடக்கின்றன. பகிர்வது, பொறுப்பு, சண்டை, சமாதானம் எல்லாம் தமிழில் பேசப்படும் நேரம் அது. ஆனால் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்குள்ள இந்தியரில் பாதிக்கும் மேற்பட்டோர் வீட்டில் மிகுதியாகப் பேசுவது ஆங்கிலம். ‘எனக்குக் கோபம்’ என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு ஏமாற்றம், வெட்கம், சலிப்பு, பொறாமை, தவிப்பு என்ற சொற்கள் தெரிவதில்லை. சொல் இல்லாததால் எல்லாமே கோபமாகிவிடுகிறது. வாரத்துக்கு ஒரு சொல் போதும். இரவுச் சாப்பாட்டில் பெரியவர்தான் தொடங்க வேண்டும்: “இன்னைக்குப் பஸ் கையைவிட்டுப் போச்சு, எனக்கு ஏமாத்தமா இருந்துச்சு.” பிள்ளையைக் கேள்வி கேட்க வேண்டாம். நான்கைந்து நாளில் அந்தச் சொல் அதன் வாயிலும் வரும்.

நாம் பேசத் தயங்கும் இன்னொன்றும் அந்த வகுப்புக்குள்தான் இருக்கிறது. இங்கேயே மூன்று நான்கு தலைமுறையாக இருக்கும் குடும்பத்துப் பிள்ளை, தமிழ்நாட்டிலிருந்து அண்மையில் வந்த பிள்ளை, வீட்டில் மலையாளமோ தெலுங்கோ பேசிவிட்டுப் பள்ளியில் தமிழ் எடுக்கும் பிள்ளை, தமிழ் முஸ்லிம் வீட்டுப் பிள்ளை எல்லாரும் ஒரே அறையில் இருக்கிறார்கள். புதிதாக வந்த பையன் சரளமாகத் தமிழ் பேசுவான்; இங்கே பிறந்தவன் கூசிப்போய் வாயை மூடிக்கொள்வான். இடைவேளையில் இது தலைகீழாகும். புதிதாக வந்தவனுடைய ஆங்கில உச்சரிப்பைக் கேட்டு மற்றவர்கள் சிரிப்பார்கள். இருவரையும் இணை சேர்த்து, ஒருவருக்குப் பேச்சிலும் மற்றவருக்குப் பள்ளி வழக்கத்திலும் பொறுப்புக் கொடுக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கேண்டீனில் எப்படி வரிசை நிற்பது, எந்த மாடியில் எந்த அறை, எதற்கு யாரிடம் கேட்பது, இதெல்லாம் உள்ளூர்ப் பிள்ளை சொல்லிக்கொடுக்கட்டும். பெற்றோர் செய்யக்கூடிய பெரிய உதவி, வீட்டில் ‘ஊர்க்காரங்க’, ‘இங்க உள்ளவங்க’ என்று பிரித்துப் பேசுவதை நிறுத்துவது. பிள்ளைகள் அதை அப்படியே பள்ளிக்குக் கொண்டுபோகிறார்கள்.

இனி சாப்பாடு. இடைவேளை பெரும்பாலும் அரை மணி நேரம். வகுப்பிலிருந்து இறங்கிவர, கழிப்பறைக்குப் போக, வரிசையில் நிற்க என்று பாதி போய்விடும். தொடக்கநிலை ஒன்றில் முதல் சில நாள் நான்காம் அல்லது ஐந்தாம் நிலை அண்ணனோ அக்காளோ துணைக்கு வருவார். அவர் விலகிய பிறகுதான் சோதனை. சைவப் பிள்ளைக்கு ‘வெஜிடேரியன்’ என்ற ஒரு சொல் மட்டும் தெரிந்தால் போதாது. மீ (நூடுல்ஸ்) வகைகளில் முட்டை இருக்கலாம், சூப் கோழியில் கொதித்திருக்கலாம், காய்கறியில் சிப்பிச் சாறு ஊற்றியிருக்கலாம். “ஆன்ட்டி, நோ மீட், நோ எக், நோ சிக்கன் சூப்” என்று முழுவதுமாகச் சொல்லிப் பழகட்டும். அறிமுக நாளன்றே கடைக்காரரிடம் நேரில் போய்ப் பிள்ளையின் முகத்தைக் காட்டி, என்ன சாப்பிடும் என்று சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. கடைக்காரர் கிடைக்காமல் மத்தியச் சமையலறையிலிருந்து முன்பதிவு முறையில் உணவு வரும் பள்ளிகளில், பெற்றோர்தான் முன்னதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே நாள் தவறினால் பிள்ளைக்குப் பொருந்தாத தட்டு வந்து நிற்கும்.

வீட்டிலிருந்து கொடுத்தனுப்புவதாக இருந்தால் பிள்ளை தனியாகத் திறக்கக்கூடிய மூடிதான் முதல் விதி. சாம்பார் தனியாக வேண்டாம். இட்லியில் பொடியும் நல்லெண்ணெயும் தடவிக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் முடித்துவிடும். தயிர்சாதம் காலையில் இறுகலாகத் தோன்றுகிற பதத்தில் இருந்தால் ஒன்பதரை மணிக்கு மேலும் இறுகிவிடும். பால் சற்றுக் கூடுதலாக ஊற்றிப் பிசையுங்கள். யாராவது மூக்கைப் பிடித்து ‘ஸ்மெல்லி’ என்று சொன்னால் பிள்ளை மறுநாள் டப்பாவைத் திறக்காமலே கொண்டுவரும். இரண்டு நாள் தொடர்ந்து சாப்பாடு அப்படியே திரும்பினால், ‘ஏன் சாப்பிடலை?’ என்று கேட்காதீர்கள். ‘யார் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டே?’ என்று கேளுங்கள். பதில் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

நிறத்தைப் பற்றியும் தலையில் வைக்கும் எண்ணெயைப் பற்றியும் சொல்லப்படும் சொற்கள் இன்னும் கடினமானவை. வரிசையில் கை கோக்க மறுப்பதும் இந்த வகைதான். சொல்லும் பிள்ளைக்கு ஏழு வயது. எங்கோ கேட்டதைச் சொல்கிறது. ஆனால் கேட்ட பிள்ளைக்கு வலி முழுதாகவே விழுகிறது. அந்த நிமிடத்தில் ஆசிரியர் செய்ய வேண்டியதற்கு ஒரு வரிசை உண்டு. சொன்னதை அங்கேயே நிறுத்துவது, ‘இந்த வகுப்பில் இப்படிப் பேச மாட்டோம்’ என்ற ஒரே வாக்கியத்தோடு. பிறகு முதலில் கேட்ட பிள்ளையோடு தனியாக, சொன்ன பிள்ளையோடு அதன்பின் தனியாக. அன்றைக்கே இரு வீட்டுக்கும் தகவல். ஒரு வாரத்துக்குள் ஒரு முறையும், மூன்று வாரம் கழித்து ஒரு முறையும் மறுபடி விசாரிப்பது.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, உடனே முழு வகுப்புக்கும் இன நல்லிணக்கப் பாடம் எடுப்பது. முப்பது ஜோடிக் கண்கள் அந்த ஒரு பிள்ளைமேல் திரும்பும். அவமானம் இரட்டிப்பாகும். அடுத்த முறை அது வாயே திறக்காது. எல்லார் முன்னாலும் கை குலுக்கி மன்னிப்புக் கேட்க வைப்பதும் அப்படித்தான். பாடம் வேண்டும், ஆனால் சில நாள் கழித்து, யாரையும் சுட்டாமல்.

பெற்றோர் முதலில் வகுப்பாசிரியருக்கு எழுதுங்கள். தேதி, இடம், சொன்ன சொல், பார்த்தவர் யார் என்று நான்கு விவரம் மட்டும். பிறகும் நிற்காவிட்டால் அந்த நிலைக்குப் பொறுப்பான ஆசிரியர், அடுத்து பள்ளி ஆலோசகர். ஆலோசகரிடம் போவது தண்டனை என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். அது தவறு. வயிற்றுவலி என்று திங்கட்கிழமை தோறும் சொல்லும் பிள்ளைக்கு அவர் பெரிய துணை. வீட்டிலும் பள்ளியிலும் சொல்ல முடியாததைப் பேச, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கம் நடத்தும் ‘டிங்கிள் ஃபிரெண்ட்’ உதவித் தொலைபேசி இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பதைப் பிள்ளைக்குச் சாதாரண நாளிலேயே சொல்லிவைக்க வேண்டும்.

விழாக்களுக்கு வருவோம். ஜூலை 21 இன நல்லிணக்க நாள். 1964இல் அந்த நாளில் வெடித்த இனக் கலவரத்தை நினைவில் வைத்து, 1997இலிருந்து பள்ளிகளில் அனுசரிக்கிறார்கள். பிள்ளைகள் மரபு உடையில் வருவார்கள். உடை நல்லதுதான், ஆனால் அதற்காகவே புதிதாக வாங்க வேண்டியதில்லை. தீபாவளிக்கு வாங்கியதையே கொஞ்சம் பெரிதாக வாங்கியிருந்தால் இரண்டு விழாவுக்கும் ஆகும். வேட்டி கட்டும் பையனுக்கு ஒட்டும் பட்டை வைத்த வேட்டியும் உள்ளே அரைக்கால்சட்டையும். கழிப்பறையில் தானே அவிழ்த்துக் கட்ட முடியாவிட்டால் அந்த நாள் அவனுக்குக் கசந்துவிடும். சேலை, மலாய்க்காரரின் பாஜு குரோங், சீனரின் சியோங்சாம் என்ற மூன்றோடு நிறுத்திவிட்டால் ஐரோப்பிய, ஆசிய வழி கலந்த யுரேசியப் பிள்ளையும் சீக்கியப் பிள்ளையும் பெற்றோர் இரு இனத்தவராக உள்ள பிள்ளையும் எங்கே நிற்பார்கள்? ‘உன் இனத்து உடை’ என்று கேட்பதைவிட ‘உன் வீட்டில் விசேஷத்துக்கு என்ன உடுத்துவீர்கள்?’ என்று கேட்டால் எல்லாருக்கும் பதில் இருக்கும்.

பொங்கல் பள்ளி தொடங்கிய இரண்டாம் மூன்றாம் வாரத்தில் வந்துவிடும், அதனால் திட்டம் முந்தைய ஆண்டே வேண்டும். ஒரு வகுப்புக்கு, அதாவது முப்பது பேருக்குச் சிறு கிண்ணம் அளவில், 400 கிராம் பச்சரிசி, 100 கிராம் பாசிப்பருப்பு, 600 கிராம் வெல்லம், 100 கிராம் நெய், தண்ணீரும் பாலுமாக இரண்டேகால் லிட்டர். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, அரிசி நன்றாகக் குழைந்த பிறகே சேர்க்க வேண்டும். முன்பே கொட்டினால் அரிசி அதற்குமேல் வேகாது, பாலும் திரியும். முந்திரி வேண்டாம். ஒவ்வாமை உள்ள பிள்ளை எந்த வகுப்பிலும் இருக்கலாம். திராட்சையும் நெய்யில் வறுத்த தேங்காய்ப் பல்லும் போதும். இண்டக்‌ஷன் அடுப்பில் மண்பானை சூடேறாது, காந்தம் ஒட்டும் எவர்சில்வர்ப் பாத்திரம்தான் வேண்டும். பால் பொங்கி அடுப்பின் மேல் வழிந்தால் அது தானே அணைந்துவிடும். பொங்குவதைத்தான் பிள்ளைகள் பார்க்கக் காத்திருக்கிறார்கள் என்பதால் சாதாரண மின்தட்டு அடுப்பும் அடியில் ஓர் அகலத் தட்டும் நல்லது. பிள்ளைகளை இரண்டு மீட்டர் தள்ளிக் கயிறு கட்டி நிறுத்துங்கள்.

இன்னொன்றைப் பலரும் மறந்துவிடுகிறோம். சூரியனுக்குப் படைத்த பிறகு கொடுத்தால் முஸ்லிம், கிறிஸ்துவப் பிள்ளைகளில் சிலர் சாப்பிட மாட்டார்கள். சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க் குற்றவுணர்வில் தவிப்பவர்களும் உண்டு. பள்ளியில் படையல் இல்லாமல், அறுவடை நன்றி விழாவாகச் சமைத்துப் பரிமாறுங்கள். வீட்டிலிருந்து சமைத்துக் கொண்டுவருவதைவிட, எல்லாரும் பார்க்கப் பள்ளிப் பாத்திரத்தில் சமைப்பதோ ஹலால் சான்றிதழ் பெற்ற இடத்திலிருந்து வாங்குவதோ நல்லது. எதைச் செய்தாலும் பள்ளியிடம் முன்பே கேட்டுவிட வேண்டும். சீனப் புத்தாண்டில் எல்லாரும் சேர்ந்து கிளறிச் சாப்பிடும் யூஷெங் என்ற காய்கறிக் கலவையிலும் இதே கவனம் தேவை: வேர்க்கடலை இருக்கும், மீன் இருக்கலாம். சிங்க நடனத்து மேளச் சத்தம் தாங்காத பிள்ளைகளுக்கு மண்டபத்தின் பின் கதவருகே இடம் வையுங்கள்.

இந்த நாள்களைவிட நிலைத்து நிற்பது இடைவேளை விளையாட்டு மூலை. மலாய்க்காரர் சொங்காக்கும் நம் பல்லாங்குழியும் உறவுக்கார விளையாட்டுகள். இரண்டிலும் பக்கத்துக்கு ஏழு குழி. சொங்காக்கில் இரு முனையிலும் ஒவ்வொரு பெரிய குழி கூடுதல். ஒரே பலகையில் திங்கட்கிழமை சொங்காக், செவ்வாய்க்கிழமை பல்லாங்குழி விளையாடலாம். சொங்காக்குக்குக் குழிக்கு ஏழாக 98 காய். பல்லாங்குழிக்குக் குழிக்கு ஐந்தாக 70, முனைக் குழிகளை மூடிவிடலாம். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் ‘பசு’, குழிக்குரியவர் எடுத்துக்கொள்வார். புளியங்கொட்டை சின்னப் பிள்ளைகளுக்கு ஆபத்து, வாயில் போடுவார்கள். பெரிய பொத்தான்கள் போதும். அதேபோல் கோலம். கூரையுள்ள சிமெண்டுத் தரையில் சுண்ணக்கட்டியால் 3, 4, 5, 4, 3 என்று இடைப்புள்ளி வைத்தால் 19 புள்ளி. ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு இருபது நிமிட வேலை. பளபளப்பான ஓடு பதித்த தாழ்வாரத்தில் மாவு தூவாதீர்கள், வழுக்கும். இந்த மூலைக்குத் தமிழ்ப் பிள்ளைகள் மட்டும் பொறுப்பாளராக இருக்கக் கூடாது. சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு வாரந்தோறும் கை மாற வேண்டும்.

இதையெல்லாம் ஆசிரியர் மட்டும் செய்ய முடியாது. பெற்றோர் ஆதரவுக் குழு ஏறத்தாழ எல்லாப் பள்ளியிலும் உண்டு. நம்மவர்கள் குறைவாகவே சேர்கிறார்கள். வேலை நாள் காலைக் கூட்டமும் ஆங்கிலக் குழுச் செய்திகளும் ஒரு காரணம். முழுக்கச் சேர முடியாவிட்டால் ஒரே ஒரு வேலையைக் கேட்டு வாங்குங்கள், மாதத்தில் ஒரு நாள் இடைவேளை மூலையைக் கவனிப்பது போல. பாட்டி தாத்தாதான் பிள்ளையைக் கூட்டி வருகிறார்கள் என்றால், பள்ளி அறிவிப்புகள் பேரண்ட்ஸ் கேட்வே செயலியில் பெற்றோருக்குத்தான் வரும், அவர்களுக்கு வராது. வண்ண உடை நாளில் சீருடையோடு நிற்கும் பிள்ளை அப்படித்தான் உருவாகிறது. ஞாயிறு இரவு வாரத்து அறிவிப்புகளைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டுங்கள்.

கடைசியாக, அக்டோபர் மாதம். பல பள்ளிகளில் தொடக்கநிலை இரண்டு முடிந்தும் நான்கு முடிந்தும் வகுப்புகளைக் கலைத்து மறுபடி அமைப்பார்கள். இரண்டு ஆண்டாகச் சேர்ந்த நட்பு அந்தப் பட்டியலில் பிரிந்துவிடலாம். பட்டியல் வந்த பிறகு கேட்டால் மாற்றுவது கடினம். உங்கள் பிள்ளை எளிதில் ஒட்டாத இயல்புடையதானால், அக்டோபரிலேயே வகுப்பாசிரியருக்கு எழுதுங்கள். குறிப்பிட்ட வகுப்பு வேண்டும் என்று கேட்காதீர்கள். பிள்ளை யாரோடு இருந்தால் பேசுகிறது என்று இரண்டு மூன்று பெயரைச் சொல்லி, அவர்களில் ஒருவராவது உடன் இருக்க முடியுமா என்று மட்டும் கேளுங்கள்.